மாமா ருசி பார்த்த சூப்

என் மாமா சமையல்காரர். கல்லூரி விடுதி ஒன்றின் சமையலறையில் வருஷக்கணக்காக வெந்துகொண்டிருப்பவர். சும்மா சொல்லவில்லை, கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு. வெயில் காலத்தில் சட்டை பட்டாலே எரியும். அதனால் அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான்: குளிர்கிற ஊரில் அடுப்பு முன்னால் நிற்கவேண்டும். வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே 'பனிக்கரடி'.

அப்படிப்பட்டவருக்கு வெளிநாட்டு மலை ஊர் ஒன்றிலிருந்து அழைப்பு! அங்கே உணவகம் நடத்துகிற நம்மாள் ஒருவர், "வந்து ஊரப் பாருங்கண்ணே, என் அடுப்புல ஒரு நாள் நில்லுங்க, புடிச்சா குடும்பத்தோட வந்துடுங்க" என்றார். தங்க அறையும் தந்தார். "எனக்குப் புடிக்கலன்னா பேச்சே கிடையாது" என்று விமானம் ஏறும் முன்பே அத்தை சொல்லிவிட்டாள். அந்த ஊர் மொழி கொஞ்சம் தெரியும் என்பதால் நானும் போனேன்.

ஐயோ, அந்த அறை! கதவைத் திறந்ததும் நனைந்த நாயின் வாடை. சுவர் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை. குளியலறைத் தரையில் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். அதில் காலை வைத்தால் விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் பிதுங்கியது. வடிகால் ஓட்டையில் யாருடையதோ முடி, பந்தாக.

"உவ்வே... இதுல எத்தன பேரு கால் ஊறுச்சோ!" என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள்.

மாமா ஜன்னலைத் திறந்து நெஞ்சை நிமிர்த்தினார். "எப்படிக் குளுருது பாரு!"

"பொணவறகூடத்தான் குளுரும். அங்க போய்க் குடியிருப்பீங்களா?"

"கழுவிவிட்டா சரியாயிடும்டி."

"யாரு கழுவுறது? பனிக்கரடியா?"

மலை அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் தெருவில் கண்ணைக் கீழே இறக்கினால் போச்சு. நாய்ப் பீ, அதன்மேல் பனிச்சேறு, அதன்மேல் எவனோ குடித்துவிட்டு எடுத்த வாந்தி. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டித் தாண்டி நடந்தாள். மாமாவோ சின்னப்பிள்ளை மாதிரி வாயால் புகை விட்டுக்கொண்டு போனார். வந்ததிலிருந்து அவர் ஒருதரம்கூட முதுகைச் சொறியவில்லை.

மறுநாள் மாமா உணவகத்துக்குப் போனதும் அத்தை கையுறையும் ப்ளீச்சிங் பவுடரும் வாங்கிவரச் சொன்னாள். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு மண்டிபோட்டு அந்தக் கம்பளத்தைப் பிய்த்தாள்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"அந்த மனுஷன் முதுகப் பாத்தியாடி? எப்படி ஆறிக் கெடக்கு! நாத்தம் புடிச்ச ஊருதான், வந்து தொலைப்போம். போய்ச் சொல்லு போ, ஊரு பாஸுன்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடினேன்.

அந்தச் சமையலறை பளபளவென்று இருந்தது. ஊரிலேயே நான் பார்த்த முதல் சுத்தமான இடம்! மாமா அடுப்பில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து அடுப்பில் பெரிய பானை நிறைய சூப் கொதித்தது. ருசி பார்க்காமல் எந்தப் பானையையும் வெளியே அனுப்பமாட்டார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார்.

"நல்லா வந்திருக்கே! யாரு வச்சது?"

"நான்தான்" என்றபடி முதலாளி எச்சில் தட்டுகளோடு வந்தார். கடித்து மிச்சம் வைத்த இறைச்சித் துண்டுகளை விரலால் வழித்து அந்தப் பானையில் போட்டார். ஒரு கிண்ணத்து மிச்ச சூப்பில் உதட்டுச்சாயம் துடைத்த காகிதம் மிதந்தது. அதை இரண்டு விரலால் எடுத்தெறிந்துவிட்டு மீதியைப் பானையில் கவிழ்த்தார்.

மாமா பானையையும் தன் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னண்ணே பாக்குறீங்க? கொதிக்குதுல்ல, எல்லாம் செத்துடும். நம்மாளுங்களா திங்கப்போறாங்க?"

மாமா பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்தார். பிறகு அந்தப் பானையைத் தூக்கிவந்து அத்தனையையும் தொட்டியில் கொட்டினார்.

"யோவ்! நம்மாளுன்னு நம்பித்தானேய்யா உன்ன உள்ள விட்டேன்!"

"நானும் அப்படி நம்பித்தான்யா நக்குனேன்!" மாமா சமையல் மேலங்கியைக் கழற்றி அந்தாள் காலடியில் போட்டுவிட்டு வெளியேறினார்.

பின்னால் ஓடிய என்னைத் தெருவில் திரும்பிப் பார்த்து, "அத்தை என்ன சொன்னா?" என்றார்.

"வந்துடலாம்னு சொன்னாங்க மாமா."

நடுத்தெருவில் நின்றுவிட்டார். குளிர் காற்று அவர் முகத்தில் அடித்தது.

அறையில் அத்தை எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "வேற அடுப்பே இல்லையா இந்த ஊருல?" என்றாள்.

"இருக்கும். ஆனா கூட்டிட்டு வந்தது அவன்தானே. இங்க எவன் சோறு போட்டாலும் இனிமே எனக்கு எறங்காதுடி." தலையைக் குனிந்துகொண்டார். "நல்லா வந்திருக்குன்னு சொன்னேன்டி. உண்மையிலயே நல்லா இருந்துச்சு."

அத்தை கையுறையை உருவி எறிந்தாள். பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கி அவர் கையில் திணித்தாள்.

"தேய்ங்க. நான் பெட்டியக் கட்டுறேன்."