மூன்று நிமிடத் தேடல்

இந்த நாட்டில் தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் தருகிறார்கள். கோல்ஃப் ஆட்டத்தின் விதி அது. அடித்த பந்து நெடும்புல்லுக்குள்ளோ புதருக்குள்ளோ போய்விட்டால், தேடத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம். அதற்குள் அகப்படாவிட்டால் ஒரு தண்டனை அடியைச் சேர்த்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பிப் போய் வேறு பந்தை வைத்து அடிக்க வேண்டும். யாரும் வருத்தப்படுவதில்லை. பையில் இன்னும் பத்துப் பந்து கிடக்கும். கனடாவுக்கு வந்த ஒன்பது வருடத்தில் பனிக்குப் பழகிவிட்டேன், கோடையில் இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் மறையாத சூரியனுக்கும் பழகிவிட்டேன். இந்த மூன்று நிமிடம் மட்டும் இன்னும் பழகவில்லை.

குப்பத்தில் பிறந்தவனுக்கு கோல்ஃப் எதற்கு என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று. நான் வெல்டர். ஒன்டாரியோவில் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் வேலை. பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் கேரி, அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரர், தன் பழைய மட்டைகளை என் தலையில் கட்டினார். இங்கே அது பணக்காரர்களின் ஆட்டம் மட்டுமில்லை. நகராட்சி மைதானங்களில் பஸ் ஓட்டுகிறவரும் முடி வெட்டுகிறவரும் ஆடுவார்கள். மே மாதம் தொடங்கினால் சனிக்கிழமைதோறும் ஒரு மைதானம். சோளக்கொல்லைக்கு நடுவில் ஒன்று, ரயில் பாதையோரம் ஒன்று, ஏரியை ஒட்டி ஒன்று. நான் மோசமான ஆட்டக்காரன். ஆனால் காற்று எனக்குத் தெரியும். கேரி புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பார்ப்பதற்குள், எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். அதனால் என்னை அவருக்குப் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றே ஒன்று. தொலைந்த பந்தை நான் விடமாட்டேன். கோடு கோடாக நடந்து தேடுவேன். பின்னால் ஆட வருகிறவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கு ஒரே அண்ணன், தேசப்பன். பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், ஓர் ஐப்பசிக் காலையில் அவன் படகு கவிழ்ந்தது. கூடப் போன ஏழுமலை நீந்திக் கரையேறினார். அண்ணன் ஏறவில்லை. எங்கள் குப்பத்தில் ஒருவனைக் கடல் கொண்டுபோனால் ஊரே தொழிலை நிறுத்திவிடும். ஒரு வலைகூட இறங்காது. அத்தனை பைபர் படகுகளும் கூப்பிடு தூரம் விட்டு வரிசை கட்டிக்கொண்டு தேடும். பக்கத்துக் குப்பமான பசியாவரத்திலிருந்தும் படகுகள் வந்தன. தேடலை நிறுத்தும் உரிமை ஊருக்குக் கிடையாது. எங்கள் ஊர்த் தலைவரான நாட்டாருக்கும் கிடையாது. அந்த வீட்டு ஆண் ஒருவன் வாய் திறந்து ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். எங்களைப் பெற்ற நைனா எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். அண்ணனுக்கு ஒரே பெண் குழந்தை, வெண்ணிலா. ஆகவே அந்தச் சொல்லை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வாடைக்காலத்தில் தண்ணீர் தெற்கே இழுக்கும் என்பதால் மூன்று நாளும் தெற்கே தேடினோம். நாலாம் நாள் காலையில், முகத்துவாரத்துக்கு வடக்கேயும் பார்த்துவிடலாம் என்றார் ஏழுமலை. நாட்டார் என் பக்கம் திரும்பினார். “இன்னாபா சொல்ற? போலாமா, போதுமா?” என்றார். அன்று சாயங்காலம் எனக்கு விமானம். மூன்று வருடம் அலைந்து வாங்கிய விசா. “போதும்” என்றேன். “எங்க அண்ணனுக்காவ ஊரே பட்டினி கெடக்க வேணாம்” என்றும் சேர்த்துக்கொண்டேன். பெரிய மனசு என்று தோளைத் தட்டினார்கள். மத்தியானம் நான் பெட்டியோடு வண்டி ஏறியதையும் அதே ஆட்கள்தான் பார்த்தார்கள். என் காதுபட யாரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. அண்ணி அஞ்சலையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பொட்டை எடுக்கவில்லை, காரியம் செய்யவும் விடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “இன்னும் தேடி முடிக்கல” என்று மட்டும் சொன்னாள்.

இந்த ஜூலையில் அண்ணி போன் செய்தாள். “வெண்ணிலாவுக்கு பசியாவரத்துல மாப்ள பாத்துகுதுபா. நல்ல பையன். ஆனா அந்த வூட்ல கேக்கறாங்க, பொண்ணோட அப்பா கீறாரா இல்லியானு. இருந்தா காட்டு, இல்லன்னா காரியம் பண்ணிட்டு வந்து பேசுனு சொல்றாங்க.” பிறகு கேட்டாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு போதும்னு ஊருக்காவ சொன்னியா, பிளேனுக்காவ சொன்னியா? ஊருக்காவன்னா சொல்லு, நான் ஒத்துக்கறேன். இன்னிக்கே பொட்ட எடுத்துடறேன்.” அவள் மகளின் கல்யாணம் என் நாக்கில் தொங்கியது. “ஊருக்காவதான் அண்ணி” என்றேன். “சரி, நல்லா யோசிச்சி உங்கூரு சனிக்கெழம சாயங்காலம் சொல்லு” என்று வைத்துவிட்டாள். நம்பவில்லை என்று புரிந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஏரியை ஒட்டிய மைதானத்தில் ஆடினோம். ஆறாவது குழியில் என் பந்து கரையோரக் கோரைக்குள் போனது. நான் உள்ளே இறங்கினேன். “விடு மோகன், மூன்று நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது” என்றார் கேரி. விடவில்லை. முழங்கால் தண்ணீரில் கையை விரித்துத் துழாவிக்கொண்டே போனேன். பின்னால் இரண்டு குழுக்கள் காத்துநின்றன. மைதானத்தை மேற்பார்க்கும் மார்ஷல் சின்ன வண்டியில் வந்து இறங்கி, என்ன தேடுகிறாய் என்று கேட்டார். “என் அண்ணனை” என்று வந்துவிட்டது வாயில்.

அவர் முகம் மாறிவிட்டது. கடைசியாக எங்கே பார்த்தாய் என்றார். தண்ணீர் ஓரம் என்றேன். என்ன உடுத்தியிருந்தார் என்றார். நீல பனியன் என்றேன். அது உண்மை. பெயரைக் கேட்டார், சொன்னேன். அவர் வயர்லெஸ்ஸில் பேச, பத்து நிமிடத்துக்குள் மைதானம் முழுவதும் ஆட்டம் நின்றது. முன்பின் தெரியாத நாற்பது ஐம்பது பேர் மட்டைகளைப் புல்லில் போட்டுவிட்டு வந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எங்கள் படகுகளைப் போலவே, இடைவெளி விட்டு வரிசையாகக் கரையில் நடந்தார்கள். கேரி ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினார். தொப்பி போட்ட ஓர் அம்மாள் வாயில் கையைக் குவித்து “தேஷபான்! தேஷபான்!” என்று கூப்பிட்டார். ஒன்பது வருடமாக அந்தப் பெயரை யாரும் உரக்கக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. அந்தக் கணமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நானும் வரிசையில் சேர்ந்து நடந்தேன். கோரை அசைந்த ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் என்று நெஞ்சு துள்ளியது.

போலீஸையும் முக்குளிப்பவர்களையும் வரச் சொல்லப்போகிறேன் என்று மார்ஷல் போனை எடுத்தபோதுதான் வாய் திறந்தது. “போதும்” என்றேன், அவர்கள் மொழியில். பிறகு நடந்ததைச் சொன்னேன். எந்த ஏரி, எத்தனை வருடம் முன்பு என்று. திட்டுவார் என்று நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறிப் போனார். கேரி என்னோடு கார் வரைக்கும் வந்தார். ஷூவிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, “நான்கு கோடையாக என்னோடு ஆடுகிறாய், என்னிடம் சொல்லியிருக்கலாம்” என்றார். யாரென்றே தெரியாத ஒருவனுக்காக இவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். கூடப் பிறந்தவனுக்காக நான் ஒரு விமானத்தை விடவில்லை.

காருக்குள் உட்கார்ந்தபடியே அண்ணியைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. “பிளேனுக்காவதான் அண்ணி” என்றேன். அழுவாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “அப்ப வந்து தேடி முடி” என்றாள்.

ஆவணியில் போனேன், பத்து நாள் விடுப்பில். படகை ஏழுமலை ஓட்டினார். அண்ணியும் ஏற வந்தாள். எங்கள் குப்பத்தில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. “இன்னாம்மா இது?” என்று ஆரம்பித்த நாட்டார், அவள் பார்த்த பார்வையில் ஒதுங்கி வழிவிட்டார். முகத்துவாரம் தாண்டி வடக்கே திரும்பினோம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கடலில் என்ன இருக்கும்? எங்கள் மூவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒழுங்காகத்தான் தேடினோம். கரையோரம் ஒரு கோடு, அதற்கு வெளியே ஒரு கோடு, அதற்கும் வெளியே ஒரு கோடு. எதிர்ப்பட்டதெல்லாம் பிளாஸ்டிக் கேன், கிழிந்த வலை, சொறிமீன் கூட்டம். ஒவ்வொன்றின் அருகிலும் ஏழுமலை இன்ஜினை அணைத்தார். ஒவ்வொரு முறையும் அண்ணி குனிந்து பார்த்தாள். பிய்ந்துபோன நீலத் துணி ஒன்றை மட்டும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, இல்லை என்று திரும்பத் தண்ணீரில் விட்டாள்.

உச்சிவெயிலில், கடைசிக் கோடும் முடிந்த இடத்தில், “போதும்” என்றாள் அண்ணி.

கை நிறையக் கடல் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள். மறுபடியும் அள்ளினாள். நிமிர்ந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. வேறு எவள் கையையும் அதில் படவிடவில்லை. “எம் பொண்ணு கல்யாணத்துல முன்னால நான்தான் நிப்பேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்” என்றாள். ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

கரை கண்ணுக்குத் தெரிந்ததும் கேட்டாள். “உனக்கு எப்பபா பிளேனு?”

குத்திக்காட்டவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் கேட்டாள். “நாளன்னிக்கு சாயங்காலம்” என்றேன். “அப்ப நாளைக்கே காரியத்த முடிச்சிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு குப்பத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எதிரே நான் கரைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.