நரசப்பாவின் படத்துணி

இன்று ஓசூர் பேருந்து நிலையத்தில் சுவரொட்டி ஒட்டுபவரின் வாளியைக் கடந்தபோது, காய்ச்சிய பசையின் வாசனை என்னைப் பாகலூருக்கு, எனக்கு எட்டு வயதான கோடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கோடைதோறும் குப்பம் பக்கத்திலிருந்து நரசப்பா தன் மனைவியோடு வருவார்; மாரியம்மன் கோயில் முன்னால் இரண்டு கழிகளுக்கு நடுவே, புளியங்கொட்டைப் பசை ஊட்டி விறைத்த நீளத் துணியைக் கட்டி, அதில் வரைந்திருந்த இராமாயணப் படங்களைக் கோலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகப் பாடுவார்; கோல் படும்போதெல்லாம் துணி, முறத்தைத் தட்டியதுபோலச் சத்தமிடும்.

அந்த வருஷம் சீதை அசோகவனத்தில் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. கழிகளைப் பிடுங்குவதற்குள் துணி ஊறிவிட்டது. அவர் மனைவி முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறம் முந்தானையோடு போயிற்று.

"தொடைக்காதம்மா, தொடைக்கத் தொடைக்கப் போவுது," என்றார் என் அப்பா.

"தொடைக்காட்டியும் போவுது சாமி," என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் சாயங்காலம், வெறும் கறைகளாகிவிட்ட அந்தத் துணியையே நரசப்பா கட்டினார். கூட்டம் குறையாமல் வந்திருந்தது. கோலைத் தூக்கியவருக்கு வார்த்தை வரவில்லை.

"அனுமார் கணையாழி குடுப்பாரு, அங்கிருந்து சொல்லுங்க," என்று அப்பா எடுத்துக்கொடுத்தார்.

"கதை தெரியும் சாமி. படத்தைப் பாத்தாத்தான் பாட்டு வருது."

கோல் ஒரு கறையிலிருந்து அடுத்த கறைக்குப் போய் நின்றது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அவர் மனைவி எழுந்துவந்து கோலை மெல்ல வாங்கிக்கொள்ளும்வரை, எழுந்துபோகவும் முடியாமல், பாடவும் தெரியாமல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.