கதிரையை விட்டு எழும்பாத முகவர்

இன்று காலை எங்கள் விறாந்தையில் இரண்டு காப்புறுதி முகவர்கள் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அங்கே குண்டு விழுந்த நாளிலிருந்து என்னைப் போன்றவர்களைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள்.

வேட்டி கட்டிய மெலிந்தவருக்குப் பேச்சே வரவில்லை. கோட்டுப் போட்டவர் மணி மணியாகப் பேசினார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இனி இஞ்ச ஒரு குண்டும் விழாது."

அப்படியென்றால் எனக்கு எதற்குக் காப்புறுதி என்று கேட்கத் தோன்றவில்லை. பேனையைக் கையில் எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அபாயச் சங்கு ஊதியது.

மெலிந்தவர் செருப்பையும் விட்டுவிட்டு ஓடி, முற்றத்துப் பதுங்குகுழிக்குள் எங்களுக்கு முன்னமே குதித்துவிட்டார். கோட்டுக்காரர் கதிரையை விட்டு அசையவில்லை.

"உது சும்மா ஒத்திகை. நீங்கள் வந்து கையெழுத்தை வையுங்கோ!"

ஒத்திகைதான். சங்கு ஓய்ந்து வெளியே ஏறியதும் மனைவியிடம் சொன்னேன், காப்புறுதி போட்டால் இந்தத் தைரியசாலியிடம்தான் போட வேண்டும் என்று.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? நீங்கள் செத்தால் காசை எனக்கு வாங்கித் தரப்போறது முகவர்தானே. அதுக்கு அந்தாள் உயிரோட இருக்க வேணும். குழிக்குள்ள முதல் குதிச்சவரிட்டப் போடுங்கோ."

அவரிடமே போட்டாயிற்று. படிவத்தைக் குழிக்குள் இறங்கித்தான் நிரப்பினேன். மனுசன் வெளியே வர மாட்டேன் என்றுவிட்டார்.

உங்கள் முகவர் சங்கு கேட்டால் எவ்வளவு வேகமாக ஓடுவார்? பார்த்து வைத்திருக்கிறீர்களா?