ஏழு கணினியிலும் என் பெயர்

நேற்று ஒரு துணிக்கடையின் இணையதளத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படம் மட்டும் வரவில்லை, வெறும் கட்டம். மகள் நெட்டைத் திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. படம் இருக்கும் இடத்துக்கான பாதை தவறு, வேறென்ன? இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டத்தை முதன்முதலில் பார்த்தது ஸ்ரீபெரும்புதூரில், காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, பிள்ளைப்பாக்கத்தில் நாலு பெண்களோடு ஒரே அறையில் இருந்த டிரெய்னி நான். எந்த ஒயரை எங்கே கட்டுவது என்று லைனில் பேப்பர் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பேப்பருக்குப் பதிலாக, லைனில் இருந்த ஏழு கணினிகளில் அதைப் படத்தோடு வரவைப்பது என் வேலை. என் மேஜையில் அழகாக வந்தது. லைனில் கட்டம் கட்டமாக நின்றது.

"இன்னாம்மா, படத்தையே காணோம்?" என்றார் சூப்பர்வைசர் தணிகாசலம்.

"எனக்கு வருதே சார்."

வராமல் என்ன செய்யும்? ஒவ்வொரு படத்துக்கும் முகவரியாக என் கணினியின் டி டிரைவையும், அதில் என் பெயரிட்ட ஃபோல்டரையும் எழுதி வைத்திருந்தேன். தணிகாசலம் சும்மா இருப்பாரா? ஏழு கணினியிலும் என் பெயரில் ஃபோல்டர் திறந்து படங்களைக் காப்பி பண்ணிவிட்டார். எல்லாம் வந்தது. எனக்கும் உள்ளூர ஒரு குஷி.

பிறகு மூன்றாம் லைனில் ஒயரைப் பிடிக்கும் ஒரு கிளிப்பின் இடம் மாறியது. என்னிடமிருந்த படத்தை மட்டும் மாற்றினேன். மூன்றாம் லைன் பழைய படத்தைப் பார்த்து அரை ஷிஃப்ட் முழுக்கப் பழைய இடத்திலேயே மாட்டியது. லாரியில் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது.

"இன்னொரு வாட்டி ஆச்சுன்னா ஸ்கிரீனைக் கழட்டிட்டு பேப்பரையே ஒட்டிடலாம்" என்றார் மேனேஜர். ஸ்கிரீன் போனால் நானும் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். நிஜமாகவே பயந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்தேன். படங்களை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒரே சர்வரில் வைத்தேன். அவை இருக்கும் இடத்தை ஒரு சின்னக் கோப்பில் ஒரே வரியாக எழுதினேன். ஸ்கிரீனில் வரும் நூற்றுச் சொச்சம் பக்கங்களும் முதலில் அந்தக் கோப்பைச் சேர்த்துக்கொண்டு, அது சொல்லும் இடத்தில்தான் படத்தைத் தேடும். ஏழு கணினியிலும் இருந்த என் பெயரை நானே அழித்தேன்.

மறு வருடம் கம்பெனி ஒரகடத்துக்குப் போனது, சர்வரும் மாறியது. காலை ஷிஃப்டுக்கு முன் அந்த ஒரு வரியைத் திருத்தினேன். ஏழு ஸ்கிரீனிலும் படம் வந்து நின்றது.

"அவ்ளோதானா?" என்றார் தணிகாசலம்.

"அவ்ளோதான் சார்." அப்படிச் சொன்ன சுகம் பிறகு எந்தப் பதவி உயர்விலும் கிடைக்கவில்லை.

இப்போது ஒரகடத்தில் அந்த இடத்தில் யாருடைய கிடங்கோ இருக்கிறது. லைன் இல்லை, என் வரியும் எந்தக் கணினியிலும் இல்லை. கம்பெனியை மூடிய அன்று, வேறு வேலைக்குப் போயிருந்த எனக்குத் தணிகாசலம் போன் செய்தார்.

"இப்பதாம்மா சர்வரை ஆஃப் பண்ணேன். கடைசி வரைக்கும் ஒரு படம்கூட மிஸ் ஆவல."