கையைப் பிடித்துக்கொண்டு போனவள்

அந்தத் தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்குக் ‘கதைக்காரம்மா’ என்று பெயர் விழுந்து இருபது வருஷமாச்சு. துடைப்பத்தைச் சாத்திவிட்டு வாயைத் திறந்தாளென்றால், வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்று கேட்பார்கள். ஆதிகாலத்தில் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்ட ஒரு சிறுமிதான் அங்கே புனிதை. சிங்கம் அவள் காலை நக்கியதாம், மூட்டிய நெருப்பு தானே அணைந்ததாம். கதைக்காரம்மா சொல்கிற அழகில் சிங்கத்துக்கே கொஞ்சம் வெட்கம் வரும்.

புதிதாக வந்த ஃபாதர் வேறு ரகம். எதைச் சொன்னாலும் “யார் சொன்னது, எப்போ சொன்னது?” என்று குடைவார். பழைய ஃபாதர் அச்சடித்த புனிதையின் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நடந்தது ஒரு பக்கம், கதை கட்டியது ஒரு பக்கம் என்று பிரிக்க உட்கார்ந்துவிட்டார். சிங்கம் போச்சு. நெருப்பும் போச்சு. எல்லாம் வேறு புனிதர்களின் கதையிலிருந்து எடுத்து ஒட்டியதாம். கல்லில் வெட்டிய பெயரும் புதைத்த நாளும்தான் மிச்சம்.

“பாவம், எலும்பும் தோலுமா ஆக்கிட்டீங்களே ஃபாதர்,” என்றாள்.

ஒரு நாள் காலையில் அவரே அவளைத் தேடி ஓடிவந்தார். “அம்மா, ஒண்ணு தேறிடுச்சு! வெட்டக் கூட்டிட்டுப் போற வழியில புனிதை பயந்து அழறா. கூட்டத்துலேர்ந்து ஒரு பொம்பளை வந்து, கையைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் கூடப் போறா. இது வேற எந்தப் புனிதர் கதையிலயும் இல்ல. புனிதை பயந்தான்னு யாராவது கட்டிச் சொல்வாங்களா? இந்த ஊர் ஜனங்க வழிவழியா சொல்லிட்டு வந்ததாத்தான் இருக்கணும். இதை நடந்த பக்கம் சேர்க்கப் போறேன்.”

அந்தப் பொம்பளையைக் கதையில் பெற்றெடுத்தவளே கதைக்காரம்மாதான். ஏழு வயது மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, “அந்தப் புனிதை பயப்படலையாம்மா?” என்று கேட்டாள். அந்த நிமிஷம் வாயில் வந்ததுதான் அது. மகள் போன பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். பழைய ஃபாதர் அதையும் எழுதிக்கொண்டார். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அது வரலாறாகிவிடும். மகளுக்காகப் பிறந்தது ஒன்றாவது உலகத்தில் நிலைக்கும். ஆசை யாரை விட்டது?

ஆனால் அந்த மனுஷர் ஒவ்வொரு வரியாக உரசிப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுத்தது. மூன்றாம் நாள் போய், “ஃபாதர், அது நான் கட்டினது. அப்படி ஒருத்தி வரவே இல்ல,” என்று சொல்லிவிட்டாள். அவர் பேனாவை எடுத்து அந்த இடத்தில் கோடு போட்டார்.

வீட்டில் புருஷன் குதித்தார். லாரி ஓட்டுகிறவர் அவர். மகள் செத்த அன்று ஊரிலேயே இல்லை. “உன் வாய் சும்மாவே இருக்காதா? நம்ம பிள்ளைக்காகச் சொன்னது, இருந்துட்டுப் போகட்டுமே!” பிறகு அவரே தணிந்தார். “சரி, விடு. நீ கடைசி வரைக்கும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தியே, அது பொய்யில்லையே. எனக்கு அது போதும்.”

இத்தனை வருஷமாக அவரிடம் அவள் சொல்லி வைத்திருந்தது அப்படித்தான்.

“இல்லீங்க,” என்றாள். “மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். திரும்பி வந்தப்போ கை சில்லுன்னு கிடந்துச்சு. பிள்ளை தனியாத்தாங்க போச்சு.”

கத்துவார் என்று காத்திருந்தாள்.

“மருந்துக் கடையில கூட்டமா?” என்று கேட்டார்.

“எனக்கு முன்னாடி பதினோரு பேருங்க,” என்று சொன்னவள், அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.