ஆள் ஏறினால் நிற்கும் உதறல்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது வண்டியின் உள்கண்ணாடி. எங்களுக்குப் பின்னால் வந்த டிரெய்லர் லாரியின் இரண்டு முகப்பு விளக்குகள் அதில் நான்காகத் தெரிந்தன. வேகம் குறைந்ததும் இரண்டாயின. மறுபடி வேகமுள் எழுபதைத் தொட்டதும் நான்கு.

"பாத்தியா?" என்றாள் தங்கை. சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. சேரப்பணஞ்சேரியில் அவள் வீட்டிலிருந்து ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். ஓட்டியது அவள். நான் முந்தின நாள் இரவுதான் சென்னையிலிருந்து வந்திருந்தேன்.

வண்டி அவள் கணவருடையது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். பழையதாக வாங்கி, போன வருடம் உயரம் ஏற்றினார். பின்பக்கம் ஆக்ஸிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே இரண்டு இஞ்ச் இரும்புக் கட்டைகள், முன்பக்கம் உயரமான ஸ்பிரிங், நான்கிலும் பெரிய டயர். விடுமுறை கிடைத்தால் மூன்று நண்பர்களோடு ஜவ்வாது மலைக்குப் போவார். மற்ற நாட்களில் அவர் மறைமலை நகருக்குக் கம்பெனி பஸ்ஸில் போக, வண்டி வீட்டு வாசலில் நிற்கும்.

தங்கை நர்ஸ். மூன்று தொழிற்சாலைகளின் முதலுதவி அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒன்று ஒரகடத்தில், ஒன்று ஸ்ரீபெரும்புதூரில், ஒன்று சுங்குவார்சத்திரத்தில். ஒரே நாளில் மூன்றுக்கும் போக வேண்டும். திங்கட்கிழமை சேர வேண்டும். இந்தச் சாலையில் ஒருமுறை கண்டெய்னர் லாரி உரசி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தவள் அவள். மறுபடி ஸ்கூட்டரைத் தொடுவதாக இல்லை. ஜீப் ஒன்றுதான் வழி. அந்த ஜீப் உதறியது. "இந்த நிலமையில தனியா எடுத்துகினு போவாதே, ஒரு மாசம் டைம் கேளு" என்று கணவர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் காத்திருக்க மாட்டோம் என்று வேலை தருபவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

என்னைப் போலப் பத்திரிகை மேசையில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எப்போது, எங்கே, யார் பார்த்தது என்று கேட்பது. அதையே கேட்டேன்.

"எங்க தெரியுது?"

"சீட்ல. கால் வெக்கிற தரையில. ஸ்டியரிங்ல ஒன்னும் இல்ல, வேணும்னா தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். அமைதியாக இருந்தது.

"கால எடு."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். முள் இன்னும் எழுபதிலேயே நின்றது. உதறல் போய்விட்டது. மிதித்ததும் வந்தது. நான்கு முறை செய்து பார்த்தோம், நான்கு முறையும் அப்படியே. டயரில் கோளாறு என்றால் கால் எங்கே இருந்தாலும் உதற வேண்டும். இது காலுக்குக் கட்டுப்பட்டது. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இவ்வளவு உறுதி.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தபோது தங்கை கணவரின் நண்பர்கள் மூவரும் வாசலில் வண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருவர் டயர் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், ஒருவர் பிரேக், ஒருவர் ஆக்ஸில். அவரவர் கம்பெனி செய்கிற பாகத்தை அவரவர் முதலிலேயே விடுதலை செய்துவிட்டார்கள்.

"டயர்ல ஒன்னும் கிடையாது. மூணு வாட்டி பேலன்ஸ் பாத்தாச்சு" என்றார் டயர்க்காரர். "ஆக்ஸில பாருங்க."

"எங்க ஆக்ஸில் உன்ன இன்னாடா பண்ணுச்சு?" என்றார் ஆக்ஸில்காரர். "இவன் பிரேக்கு பிடிச்சுகினு இருக்கும், அதான்."

"பிரேக் பிடிச்சா வண்டி நிக்கும் மச்சான், உதறாது. உனக்கு அதுகூட தெரியாமத்தான் சூப்பர்வைசர் ஆயிட்ட."

ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவானது. தங்கை கணவர் ஸ்டியரிங்கில், மூவரும் உள்ளே. ஒரகடம் சந்திப்பு வரை போய்த் திரும்பினார்கள். உதறவே இல்லை என்றார்கள். அடுத்து தங்கை ஓட்டினாள். இப்போது நான்கு ஆண்களும் ஏறிக்கொண்டார்கள். நான் வாசலில் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"எண்பது வரிக்கும் போனாங்க. பட்டு மாதிரி போவுது வண்டி" என்றார் டயர்க்காரர்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் பிரேக்காரர். "தனியா போறப்ப பயத்துல கால கெட்டியா அமுத்துறீங்க. ஆள் கூட இருந்தா சரியா ஓட்றீங்க."

"அப்ப தெனமும் நீங்க நாலு பேரும் என்கூட வேலைக்கு வாங்க" என்றாள் தங்கை.

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கணவர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடு" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

தங்கை பொய் சொல்லவில்லை என்பதற்கு நானே சாட்சி. அந்த ஆண்களும் பொய் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் உண்மை சொல்லும்போது, இடையில் எது மாறியது என்று தேட வேண்டும். சாலை அதே. வேகம் அதே. ஓட்டியதும் அவளேதான். மாறியது ஆட்கள்.

காலையில் அந்த வண்டியைப் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். நால்வரும் ஏறி உட்கார்ந்து சண்டை போட்டபோது, சிரிப்பு வந்து இன்னொன்று எடுத்தேன். இரண்டும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. மாற்றி மாற்றிப் பார்த்தேன். முதல் படத்தில் பின் டயருக்கும் அதற்கு மேலே வளைந்த தகட்டுக்கும் நடுவே ஒரு முழுக் கை நுழையும். இரண்டாவதில் நான்கு விரல்தான் நுழையும்.

படங்களை ஆக்ஸில்காரரிடம் காட்டினேன். "நீங்க ஏறினா பின்னாடி இவ்வளவு இறங்குது. அதுக்கும் உதறலுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

அவர் போனை வாங்கினார். முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போனார். சரிவை அளந்து காட்டும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. தன் போனை முதலில், எஞ்சினின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்டின் மேல் வைத்தார், பிறகு அந்த ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸிலின் மூக்கில் வைத்தார். அடியிலிருந்து குரல் வந்தது.

"மச்சான், கட்டை போட்டு தூக்குனதுல ஷாஃப்டும் ஆக்ஸிலும் சேர்ற ஜாயின்ட் ஒடிஞ்ச மாதிரி நிக்குது. நாம ஏறினா வெயிட்ல நேராவுது."

"யாரு மிஸ்டேக் அது?" என்றார் டயர்க்காரர்.

"நீ டயர் பண்ற. நான் ஆக்ஸில் பண்றேன். கோணத்த எந்தக் கம்பெனியும் பண்றதில்ல."

தங்கை கணவர் நம்பவில்லை. "சும்மா சொல்லாதே" என்றார். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தண்ணீர் கேன் கடைக்குப் போனாள். வெயிட்டுதானே பிரச்சினை, ஆள் எதற்கு என்றாள். கடைக்காரர் தள்ளுவண்டியில் பதினான்கு கேன்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இன்னாமா, வூட்ல விசேஷமா?"

"வண்டிக்குத் தாகம்ணா."

கேன்களை அவளே வரிசையாகப் பின்னால் அடுக்கச் சொன்னாள். கணவரிடம் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார். தனியாகப் போய்த் திரும்பினாள். "இல்ல" என்றாள். கேன்களை இறக்கச் சொன்னாள். மறுபடி தனியாகப் போய்த் திரும்பினாள். "இருக்கு" என்றாள். பிறகு இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இப்ப நீங்க போங்க. தனியா."

உயரம் ஏற்றிய பிறகு அவர் ஒருநாளும் அந்த வண்டியைத் தனியாக ஓட்டியதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நண்பர்கள் இல்லாமல் அவர் எடுப்பதே இல்லை. மலைக்குப் போகும்போது ஆட்களோடு கூடாரம், அடுப்பு, தண்ணீர் எல்லாம் பின்னால் இருக்கும். பேலன்ஸ் பார்க்கக் கொண்டுபோனபோதும் கூட இரண்டு பேர்.

போனவர் நேரம் கழித்துத்தான் வந்தார். இறங்கியதும் எங்கள் யாரையும் பார்க்காமல் பட்டறைக்குப் போன் செய்தார்.

சரியான வைத்தியம் ஆப்புத் தகடு என்று பட்டறைக்காரர் சொன்னார். கட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைத்து இறுக்கினால் ஆக்ஸில் மூக்கு கொஞ்சம் நிமிரும், கோணம் சரியாகும். ஆனால் தகடு கையில் இல்லை, வர இரண்டு மூன்று நாள் ஆகும். இன்றைக்கே ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்றுதான் செய்யலாம். பின்பக்கக் கட்டைகளைக் கழற்றிவிடலாம்.

தங்கை கணவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"கட்டை போடறதுக்கு முன்ன இருந்த பழைய போல்ட் எல்லாம் வூட்லதான் கீது" என்றார்.

மாலைக்குள் வேலை முடிந்தது. முன்பக்கம் உயரமாகவே இருக்க, பின்பக்கம் மட்டும் இறங்கியது. டயர்க்காரர் தள்ளி நின்று பார்த்தார்.

"மச்சி, நாய் குந்திகினு இருக்கிற மாதிரி கீதுடா."

யாரும் மறுக்கவில்லை. பெரிய டயருக்கு மேல் இப்போது நான்கு விரல் இடம்தான். பின்னால் ஆட்கள் ஏறினால் டயர் தகட்டில் உரசும் என்று பட்டறைக்காரர் எச்சரித்திருந்தார்.

"அப்ப நாங்க ஏற முடியாதா?" என்றார் ஆக்ஸில்காரர்.

"முடியாது" என்றாள் தங்கை.

அன்று சாயங்காலம் அவளும் நானும் மட்டும் போனோம். எழுபது. எழுபத்தைந்து. எண்பது. ஆக்சிலேட்டரை மிதித்தபடியே வைத்திருந்தாள். உள்கண்ணாடியில் பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதன் பெயர்ப்பலகையை என்னால் படிக்க முடிந்தது.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள்.

ஆப்புத் தகடுகள் புதன்கிழமை வந்தன. கட்டைகளை மறுபடி ஏற்றி அவற்றை மாட்ட வண்டி ஒரு முழு நாள் பட்டறையில் நிற்க வேண்டும். தங்கை கணவர் தகடுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வண்டி தங்கையோடு சுங்குவார்சத்திரத்தில் இருந்தது.