கம்பெனிக் கோட்டும் குரங்குக் குட்டியும்

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது சித்தி ஒரு குரங்குக் குட்டியைக் கம்பெனிக் கோட்டோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டாயிரத்து ஐந்தாகவோ ஆறாகவோ இருக்க வேண்டும். அம்மாவின் தங்கையான அவள் ஓசூரில் எங்களோடு தங்கி, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தாள்.

தளி சாலையில், காரில் போகிறவர்கள் எறியும் கடலைக்காக இறங்கிவந்த தாய்க் குரங்கை லாரி அடித்துவிட்டது. வயிற்றைப் பிடித்திருந்த குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷிப்ட் பஸ்ஸை நிறுத்தி இறங்கிய சித்தி அதைத் தூக்கப் போக, அது அவளுடைய நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. பிறகு பிடியைத் தளர்த்தவே இல்லை.

"வாடகை வூட்ல கொரங்காடி? ஹவுஸ் ஓனரு நம்மளயும் சேத்து வெளிய அனுப்பிடுவாரு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, எனக்குப் பால் புகட்டிய பழைய பாலாடையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே வனத்துறை ஆள் வந்தார். குரங்கை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றார். ஜவளகிரிக் காட்டோரத்தில், தாயில்லாக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடும் ஒரு டாக்டரம்மாவின் இடத்துக்கு வழியும் சொன்னார். அங்கேயும் குட்டி கோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் குட்டியோடு கொடுத்துவிட்டு வந்தோம்.

"கோட்டு எங்கம்மா?" என்ற சூப்பர்வைசரிடம், "கொரங்கு வெச்சிருக்கு சார்" என்று சித்தி உண்மையைச் சொன்னாள். அவர் அதைத் தன்னைப் பற்றிய கேலியாக எடுத்துக்கொண்டார்.

குட்டியை விட்டிருந்த கம்பிவலை அடைப்பில், வேறு சில குரங்குகளோடு, தன் குட்டியைப் பறிகொடுத்த ஒரு பெண் குரங்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி போவாள், நானும் ஒட்டிக்கொள்வேன். தகரத் தடுப்பின் ஓட்டை வழியாகத்தான் பார்க்கலாம், பேசக் கூடாது. போகும்போதெல்லாம் கோட்டு சிறுத்திருந்தது. டாக்டரம்மா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துவந்தார். ஒரு கட்டத்தில் பாக்கெட் அளவுத் துண்டு குட்டியின் ஒரு கையில் இருந்தது. மறு கை பெண் குரங்கின் முடியைப் பற்றியிருந்தது. பிறகு ஒருநாள் துணியே இல்லை.

அடுத்த மாம்பழ சீசன் முடியும் நேரத்தில் டாக்டரம்மா சித்தியை வரச்சொன்னார். அம்மாவும் வந்தாள்.

"கூட்டத்தோட காட்டுல விடப்போறேன்" என்றார் டாக்டரம்மா, கன்னடம் கலந்த தமிழில். "ஆனா மனுஷங்ககிட்ட ஓடிவர்ற குட்டிய விட முடியாதும்மா. ரோட்டுக்கு வரும், லாரியில சாகும். இப்ப உன்கிட்ட வந்துச்சுன்னா, கடைசிவரைக்கும் அதுக்கு இந்தக் கூண்டுதான்."

புதிதாக வாங்கிய கம்பெனிக் கோட்டை மாட்டி, வாழைப்பழத்தோடு சித்தி அடைப்புக்குள் போய் நின்றாள். குட்டி கட்டையிலிருந்து இறங்கியது. கோட்டைப் பார்த்தது. இரண்டு எட்டு முன்னால் வந்தது. சித்தி பழத்தை நீட்டினாள். தகரத்துக்குப் பின்னாலிருந்து நான், வா வா என்று மனதுக்குள் கூப்பிட்டேன்.

குட்டி கீச்சென்று கத்தியது. பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பி ஓடி, பெண் குரங்கின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது.

"ஆச்சு. வாம்மா வெளிய" என்றார் டாக்டரம்மா.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு ஆறவில்லை. "பால ஊத்தி வளத்தவளப் பாத்தே பல்லக் காட்டுது. இன்னா ஜென்மம்டி அது!"

"கடிச்சிருந்தாக்கூட நல்லாதாங்க்கா இருந்திருக்கும்" என்றாள் சித்தி. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாருக்கும் தராத ஜன்னலோர சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். தளி தாண்டியும் அவள் வெளியே பார்த்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள். அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று முடிவு செய்து, குட்டி வாங்காத வாழைப்பழத்தில் பாதியை அவளுக்காக மிச்சம் வைத்தேன்.